மூட்டைக்குக் கட்டை, ஆளுக்குத் தரையா?



மார்கழி பிறந்துவிட்டால் நமது திருவாதவூரில் விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை ஒலிக்கத் தொடங்கிவிடும். அதைப் பாடியருளிய மாணிக்கவாசகர் பிறந்த ஊரில் பிறந்தோம் என்ற பெருமிதம் நமக்கு எப்போதும் உண்டு. மதுரையில் மளிகை மொத்த வியாபாரம் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கடந்த பின்பும் குடியிருப்பை ஊரைவிட்டு மாற்றிக்கொள்ளவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முதல் பஸ் பிடித்துக் கடைக்குப் போவதுதான் இன்றைக்கும் வழக்கம்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், பருப்பு லாரி விடிவதற்குள் வந்துவிடும் என்று தகவல் வந்ததால், வழக்கத்தைவிட முன்னதாகவே கிட்டங்கிக்குப் போய்விட்டோம். இரவுக் காவலாகவும் லோடு இறக்கவும் அங்கேயே தங்கியிருப்பவர் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். நம்மிடம் பல வருடமாக இருப்பவர். ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால், அவர் படுத்திருக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இருமல் வேறு. மார்கழி முதல் தேதியன்று நாம் வாங்கிக் கொடுத்த புதுப் போர்வை சிமெண்டுத் தரையில் நான்காக மடித்துக் கிடந்தது.

நமக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, போர்த்திக்கொள்ளத்தானே வாங்கிக் கொடுத்தது? அதைக் கீழே போட்டு உட்கார்ந்திருக்கிறாயே!" என்றோம்.

"போத்துனா கீழருந்து சில்லுன்னு ஏறுது முதலாளி. கீழ போட்டா மேல குளிருது. இருக்கறது ஒண்ணு. ரெண்டுல ஒரு பக்கந்தான ஆகும்" என்றார் அவர். சொன்னதில் குறை கூறும் தொனிகூட இல்லை. நிலவரத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு முழம் தள்ளித் துவரம் பருப்பு அட்டி நின்றது. அட்டிக்கு அடியில் மரக்கட்டை. தரைக்கும் மூட்டைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. சுவரிலிருந்தும் ஒரு முழம் தள்ளித்தான் அடுக்கியிருந்தோம். ஏனென்றால் சிமெண்டுத் தரையில் நேரடியாக மூட்டையை இறக்கினால் ஈரம் ஏறும், பருப்பு பூசணம் பிடிக்கும், நமக்கு நஷ்டம் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். பருப்புக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, பருப்பைச் சுமக்கிற ஆளுக்கு மட்டும் இத்தனை வருடமாக நமக்குத் தெரியாமல் போயிற்று. அன்றைக்கு நமக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் எழுதுவதுதான் இந்தக் கட்டுரை. நம்மைப் போலவே இன்னும் எத்தனையோ பேர் கட்டையை மூட்டைக்கு மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதால் இதைச் சங்க இதழில் எழுதுகிறோம்.

மதுரையில் குளிரா?

"மதுரையில் என்னய்யா குளிர்? ஊட்டியா, கொடைக்கானலா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மார்கழி, தை மாத இரவுகளில் நம் மதுரையில் வெப்பமானி பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதற்கு மேல் பெரிதாக இறங்குவதில்லை. ஆனால் மனித உடம்பின் சூடு 37 டிகிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 17 டிகிரி. வெறுந்தரையில் படுத்தவன் இரவு முழுவதும் தன் உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். சிமெண்டும் கல்லும் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. வசூலாகாத கடன் மாதிரி.

நம் முன்னோர்கள் வெப்பமானி இல்லாமலேயே இதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். 'தைப் பனி தரையைத் துளைக்கும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பது பழமொழி. மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். ஆக, நான்கு மாதக் கணக்கு இது. நாமோ மச்சுக்கு மட்டும் வழி செய்துவிட்டுத் தரையை மறந்துவிட்டோம். மேலே ஒரு போர்வையைப் போட்டால் குளிர்கால தர்மம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம்.

போர்வை என்பது தானாகச் சூடு தரும் பொருள் அல்ல. நூல்களுக்கு இடையே அசையாமல் நிற்கிற காற்றுதான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. அதே போர்வையைக் கீழே விரித்து அதன்மேல் படுத்தால், உடம்பின் கனத்தில் அது நசுங்கி, காற்று வெளியேறி, வெறும் துணியாகிவிடுகிறது. ஆகவே கீழே போடுவதற்கு வேறு சரக்கு. மேலே போர்த்துவதற்கு வேறு சரக்கு. கீழே போடுவது உடம்புக் கனத்துக்கு அசையாமல் விறைப்பாக இருக்க வேண்டும். மேலே போடுவது இலேசாகப் பொங்கி நிற்க வேண்டும். இவ்வளவுதான் சூட்சுமம்.

கடை மாறியது, படுக்கை மாறவில்லை

நாம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 1976-ஆம் ஆண்டு ஒரு மளிகைக் கடையில் சேர்ந்தோம். இராத் தங்கல் கடையிலேயே. அந்தக் காலத்தில் யாரும் நமக்கு மெத்தை கொடுக்கவில்லை. ஆனாலும் குளிரில் நடுங்கியதாக நினைவில்லை. ஏன் என்று இப்போது யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. கடைக்குள் மரப் பரண் இருந்தது, அதில் படுத்தோம். பரணின்மேல் காலிச் சணல் சாக்குகளை உதறி நான்கைந்து விரித்தோம். அதன்மேல் ஒரு கோரைப்பாய். போர்த்திக்கொள்ள வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்துத் தைத்த போர்வை. அவ்வளவுதான். கிராமத்துக் களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் படுப்பவர்களும் இதே முறையைத்தான் கையாண்டார்கள். சாக்குக்குப் பதிலாக அவர்களுக்கு வைக்கோல்.

அதற்குப் பிறகு மூன்று மாற்றங்கள் நடந்தன. மூன்றும் வியாபாரத்துக்கு நல்லவையாகவே வந்தன. பழைய கடைகளை இடித்துக் கட்டியபோது மரப் பரண் போய் கான்கிரீட் வந்தது. தரையில் சிமெண்டும் டைல்ஸும் கிரானைட்டும் வந்தன. அரிசியும் பருப்பும் சணல் சாக்கில் வந்தது போய் பிளாஸ்டிக் சாக்கில், சிப்பங்களில் வரத் தொடங்கின. அரசு கொள்முதல் செய்யும் உணவு தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சணல் பொதிச் சட்டத்தின்படி இருக்கிறதே தவிர, நம் கடைக்கு வரும் தனியார் சரக்கில் சணலைத் தேட வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக, கோரைப்பாயின் இடத்தில் பிளாஸ்டிக் பாய் வந்தது. இதில் நமக்கும் பங்கு உண்டு. விலை குறைவு, கழுவினால் காய்ந்துவிடும், சுருட்டி வைத்தால் ஓரம் பிரியாது என்று சொல்லி நாமே வாங்கி விற்றோம்.

மரம், சணல், கோரை மூன்றும் குளிரைத் தடுப்பவை. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடையை விட்டு வெளியேறின. ஆள் மட்டும் அதே இடத்தில் படுத்திருக்கிறான். 'நாங்கள் எல்லாம் சாக்கில் படுத்து வளர்ந்தவர்கள்' என்று இன்றைய ஆட்களிடம் பெருமை பேசுகிற நம் வயதுக்காரர்கள், நாம் படுத்த சாக்கு இப்போது இல்லை என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டோம்.

எதன்மேல் எதை விரிப்பது?

நமக்குத் தெரிந்தவரை, விசாரித்து, செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் தரையை விட்டு ஆளைத் தூக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் கிடைத்தால் உத்தமம். இடம் இல்லாதவர்கள், மூட்டைக்குப் போடும் மரக்கட்டைகளையே ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத்துக்குச் சேர்த்து, மேலே ஒரு பலகை அடித்துக்கொள்ளலாம். பகலில் சுவரில் சாய்த்து வைத்துவிடலாம். ஆணி முனை மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பலகைகளுக்கு இடையே சிறு இடைவெளி இருந்தால் காற்றோட்டம் கிடைக்கும்.

இரண்டாவது, சணல் சாக்கு இரண்டு அல்லது மூன்று. தானியம் வந்த சாக்காக இருக்க வேண்டும். உரமும் மருந்தும் வந்த சாக்கைத் தொடவே கூடாது. நன்றாக உதறி, இரண்டு நாள் வெயில் காட்டி எடுத்தால் வண்டு போய்விடும். பிளாஸ்டிக் சாக்கு இதற்கு உதவாது. வியர்வையை வாங்காது, விடியற்காலையில் அடியில் ஈரம் கோத்து நிற்கும். வைக்கோல் நல்ல சூடு தரும். ஆனால் அது களத்துமேட்டுக்குத்தான் சரி. கிட்டங்கியில் வைக்கோல் பரப்பினால் எலிக்கு அழைப்பு வைத்த மாதிரி. தீ பயமும் உண்டு.

மூன்றாவது, கோரைப்பாய். காவிரிக் கரையில் கரூர், நாமக்கல், திருச்சி வட்டாரங்களில் கோரை பயிராகிறது. தெற்கே தாமிரபரணிக் கரையில் பத்தமடை பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கிற பத்தமடைப் பட்டுப்பாய் கல்யாணச் சீருக்கு. நமக்குத் தேவையானது தடித்த சாதாரணக் கோரைப்பாய்தான். கோரையின் உள்ளே இருக்கிற சோறு போன்ற பகுதி காற்றை அடக்கி வைத்திருக்கும். ஆகவே மெல்லிய பாயைவிடத் தடித்த பாயே குளிருக்கு நல்லது, விலையும் குறைவு.

நான்காவது, ஜமுக்காளம். பாய்க்கு மேலே இரண்டாக மடித்து விரிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணியின் போட்டியைத் தாங்க முடியாமல் பவானி நெசவாளர்கள் முரட்டு நூலில் நெய்யத் தொடங்கிய சரக்கு இது. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட 11 இனங்களில் ஜமுக்காளமும் ஒன்று, கம்பளியும் ஒன்று. ஒதுக்கப்பட்ட வகையை விசைத்தறியில் நெய்வது சட்டப்படி குற்றம். ஆனாலும் விசைத்தறிச் சரக்கைப் பவானிச் சரக்கு என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். 'ஜமுக்காளத்தில் வடிகட்டிய பொய்' என்று நம் மக்கள் சும்மா சொல்லவில்லை!

ஐந்தாவது, முடிந்தவர்கள் ஒரு மெல்லிய மெத்தை சேர்க்கலாம். முடியாவிட்டால் குற்றமில்லை. மேலே சொன்ன நான்கும் இருந்தாலே தரைக்குளிர் ஏறாது. இலவம் பஞ்சு மெத்தை குளிருக்கு மிக நல்லது. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் இதற்குப் பேர்போன இடம். இலவ இழை உள்ளே குழாய்போல வெற்றிடமாக இருக்கும், காற்றை அடைத்து வைத்திருக்கும், நீரில் நனையாது. ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். கொசுவத்தியையும் பீடியையும் பக்கத்தில் அண்டவிடக் கூடாது.

ஆறாவது, இவற்றின்மேல் ஒரு பருத்தி விரிப்பு. வாரம் ஒருமுறை துவைக்கக் கூடியது. ஒரு ஆளுக்கு இரண்டு வேண்டும். ஒன்று காயும்போது ஒன்று.

கடைசியாகத்தான் போர்வை. கனமான ஒன்றைவிட இலேசான இரண்டு மேல். இரண்டுக்கும் நடுவே நிற்கிற காற்றும் ஒரு போர்வை மாதிரி வேலை செய்யும். உடம்பை ஒட்டிப் பருத்தி. சென்னிமலைப் பக்கம் நெய்கிற கைத்தறிப் போர்வை இதற்குப் பொருத்தம். அதற்கு மேலே கம்பளி. முன்னிரவில் புழுங்கினால் ஒன்றைத் தள்ளிவிடலாம், பின்னிரவில் இழுத்துக்கொள்ளலாம். நம் ஊர்க் குளிர் பின்னிரவுக் குளிர்தானே. தலைக்கு ஒரு துண்டு. இத்துடன் படுக்கை முடிந்தது.

நரி பரியான கதை

இந்தச் சரக்குகளை வாங்கும்போது வியாபாரிகளாகிய நாமே ஏமாந்துவிடக் கூடாது. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகரின் கதை தெரியாதவர் இல்லை. பகலில் குதிரையாக வந்து லாயத்தில் நின்றவை இராத்திரியில் நரியாகி ஊளையிட்டன. அது சொக்கநாதரின் திருவிளையாடல். இன்றைக்குச் சந்தையில் நடப்பது மனிதர்களின் விளையாடல். பகலில் இலவம் பஞ்சு, இரவில் படுத்துப் பார்த்தால் கட்டி கட்டியாகக் கழிவுப் பஞ்சு. பகலில் கம்பளி, இரவில் பாலியஸ்டர்.

இதற்குச் சுலபமான சோதனைகள் உண்டு. மெத்தையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். இலவம் பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். கழிவுப் பஞ்சு நீரைக் குடித்துக் கனத்துவிடும். கம்பளி என்றால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான ஆட்டு ரோமம் என்றால் தலைமயிர் கருகும் வாடை வரும், சாம்பல் கையில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உருண்டு நிற்கும். வடக்கே பானிபட்டில் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து மறுபடி நூலாக்கி நெய்கிற போர்வைகள் ஏராளமாக வருகின்றன. அதைக் குறை சொல்ல மாட்டோம். பாலியஸ்டர் போர்வையும் குளிரைத் தாங்கத்தான் செய்யும். எதுவோ அதை அதுவென்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்க வேண்டும் என்பதுதான் நம் கட்சி. நம் கடைகளில் மார்கழி வியாபாரமாகப் பாயும் போர்வையும் வைத்து விற்கிற சில்லறை வணிகர்களும் இதை மனதில் கொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தயாரித்தவரை மட்டுமல்ல, சில நிலைமைகளில் விற்றவரையும் பொறுப்பாளி ஆக்குகிறது.

படுக்கையைவிட முக்கியமான ஒன்று

தானியக் கிட்டங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்த கிட்டங்கியில், எவ்வளவு நல்ல படுக்கை போட்டாலும், எந்த ஆளும் படுக்கக் கூடாது. பக்கத்து அறையிலும் கூடாது. காற்றில் உள்ள ஈரம் பட்டவுடன் அந்த மாத்திரை பாஸ்பின் என்ற விஷவாயுவாகிறது. தூங்குகிறவனுக்கு அது ஆளைக் கொல்லும். பயிற்சி பெற்றவர்களைக் கொண்டுதான் மருந்து வைக்க வேண்டும். காற்றோட்டம் செய்து முடிகிற வரையில் வெளியே பூட்டு, பூட்டில் எச்சரிக்கைப் பலகை. குளிருக்கென்று மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டுவதும் அதே அளவு ஆபத்து. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அடியில் சரியாக விரித்துக் கொடுத்தால் அடுப்பைத் தேடும் தேவையே ஆளுக்கு வராது.

சொல்லப்படும் சமாதானங்கள்

இதைச் சில நண்பர்களிடம் பேசியபோது வந்த பதில்கள் பலவிதம்.

"உழைத்த உடம்பு, எங்கே விழுந்தாலும் தூங்கிவிடும்" என்றார் ஒருவர். தூங்கிவிடும் என்பது உண்மை. காலையில் எழுந்து மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்வதும் உண்மை. ஆள் இரண்டு நாள் படுத்துவிட்டால் லாரி காத்து நிற்கும். அந்த வாடகை யார் தலையில்?

"படுக்கை கொடுத்தால் மூட்டைப்பூச்சி வரும்" என்றார் இன்னொருவர். வரும், கவனிக்காவிட்டால். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதுரை வெயிலில் நான்கு மணி நேரம் புரட்டிப் போட்டுக் காயவைத்து, பலகை இடுக்குகளையும் துடைத்து வைத்தால் பெரும்பாலும் அண்டாது. வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா?

"ஒன்று கொடுத்தால் அடுத்தது கேட்பார்கள்" என்பது மூன்றாவது பதில். இதற்கு நாம் ஒன்று சொல்வோம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு ஒரு திருத்தம் வந்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்பது அந்தத் திருத்தம். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. நாள் முழுவதும் நிற்பவனுக்கு உட்கார இடம் கொடு என்று ஒரு சட்டம் வந்துதான் நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது. படுக்கைக்கும் ஒரு சட்டம் வருகிற வரையில் காத்திருக்கப் போகிறோமா? வந்த பிறகு செய்தால் அதற்குப் பெயர் கட்டாயம். வருமுன் செய்தால் அது நம் கடையின் மரியாதை.

இப்போது நம் கிட்டங்கிகளில் பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். "அவர்கள் குளிருக்குப் பழகியவர்கள்" என்கிறார்கள். பழகியவர்கள்தான். பீகார் கிராமங்களில் கடுங்குளிர் காலத்தில் முதலில் நெல் வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அதன்மேல்தான் விரிப்பு விரிப்பார்கள். அடியில் போடாமல் அங்கே யாரும் பழகவில்லை. நம்மிடம் வந்துதான் வெறுந்தரைக்குப் பழகுகிறார்கள்.

நாம் சொல்ல விரும்புவது

ஒவ்வொரு ஆண்டும் குளிர் காலத்தில் நம் சங்கங்கள் ஆங்காங்கே ஏழைகளுக்குப் போர்வை வழங்குவது நல்ல காரியம். புகைப்படமும் எடுத்துக்கொள்கிறோம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் போர்வை மட்டும் கொடுப்பது பாதி வேலை. அடுத்த முறை போர்வையோடு ஒரு தடித்த கோரைப்பாயும் சேர்த்துக் கொடுப்போம். ஒரே தொகையில் ஆட்களின் எண்ணிக்கை குறையும் என்றால் குறையட்டும். நூறு பேருக்கு அரைத் தூக்கம் கொடுப்பதைவிட அறுபது பேருக்கு முழுத் தூக்கம் கொடுப்பது மேல்.

அதற்கு முன்பாக நம் கிட்டங்கியில் இருந்து தொடங்க வேண்டும். ஒரு இரவு, சொல்லாமல் கொள்ளாமல், நம் ஆள் எங்கே, எதன்மேல் படுத்திருக்கிறார் என்று போய்ப் பாருங்கள். முடிந்தால் அந்த இடத்தில் கால் மணி நேரம் நீங்களே படுத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரை சொல்லாததையும் தரை சொல்லிவிடும். தனியறை கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். முடியாதவர்கள் கட்டையும் சாக்கும் பாயும் ஜமுக்காளமும் கொடுங்கள். கட்டையும் சாக்கும் நம்மிடமே இருக்கின்றன. மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மூட்டை துவரம் பருப்பின் விலையைத் தாண்டாது.

இன்னொன்று. கொடுத்ததை ஆளின் பேரில் பற்று எழுதாதீர்கள். நம் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன சனங்களுக்குக் கங்காணி காலத்தில் கம்பளி கொடுத்தார்கள். மலைக்குளிருக்குக் கொடுத்தது போலத்தான் இருந்தது. ஆனால் அதன் விலையையும் அவர்கள் கடன் கணக்கில் ஏற்றினார்கள். போர்த்தியவன் மேலேயே கடனும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். மூட்டைக்குப் போட்ட கட்டையை மூட்டையின் பேரிலா பற்று எழுதுகிறோம்? கடைச் செலவில்தானே எழுதுகிறோம்? இதையும் அங்கேயே எழுதுங்கள்.

அன்றைக்கு மத்தியானமே நாம் ஆசாரியை வரவழைத்துப் பலகை அடித்தோம். பழகிய வியாபாரி ஒருவரிடம் சொல்லிச் சணல் சாக்கு மூன்று வாங்கினோம். பாயும் ஜமுக்காளமும் கடைத்தெருவில் கிடைத்தன. இருமலுக்கு வைத்தியரிடம் அனுப்பியதும் அன்றுதான். அது நீங்க இரண்டு வாரம் ஆயிற்று. பழைய போர்வை இப்போது மேலேதான் இருக்கிறது, கூட இன்னொன்றும் சேர்ந்து.

மாசி மாதத்தில் ஒரு நாள் மறுபடியும் விடியற்காலையில் லாரி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்து, ஷட்டரைத் தட்டிப் பார்த்து, ஆள் எழாததால் நமக்குப் போன் செய்தார். நாம் போய்ச் சேர்ந்து தட்டிய பிறகுதான் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தார். "அசந்துட்டேன் முதலாளி, மன்னிச்சுக்கங்க" என்றார். லாரிக்காரர் அரை மணி நேரம் காத்ததற்கு முணுமுணுத்தார். காவல்காரர் இப்படித் தூங்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்; இப்போது ஷட்டருக்கு ஒரு மணி கட்டியிருக்கிறோம். ஆனால் அன்றைக்கு நாம் அவரை ஒன்றும் சொல்லவில்லை. நம் கிட்டங்கியில் ஒரு மனிதர் விடிந்தது தெரியாமல் தூங்கியது, நமக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மார்கழி வருகிறது. மூட்டைக்குக் கட்டை போடும்போது ஆளையும் நினைப்போம். இந்த ஆண்டே செய்து முடிப்போம்.